இழுத்துப் பார், பிறகு பிரி!

மூன்று வரை எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. இந்தச் சின்ன நேரத்துக்குள் வளர்ந்த ஒரு மனிதரின் எலும்பு மஜ்ஜையில் சுமார் 60 லட்சம் புதிய ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகிவிட்டன. குடலின் உட்சுவரிலும் தோலின் அடியடுக்கிலும் முடியின் வேரிலும் உருவாகும் செல்களின் கணக்கு தனி. புதிய செல் எதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. இருக்கிற செல் இரண்டாகப் பிரிவதால்தான் அது பிறக்கிறது.

பிரிவது என்றால் நடுவில் கோடு போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது அல்ல. நம் செல் ஒன்றின் உட்கருவுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. உடம்பை நடத்துவதற்கான குறிப்புகள் எல்லாம் அவற்றில் உள்ள டி.என்.ஏ. இழையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை எடுத்து நீட்டிவைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும்! செல் பிரிவதற்கு முன்னால் 46 குரோமோசோம்களுக்கும் ஒவ்வொரு நகல் எடுத்துக்கொள்கிறது. அசலும் நகலும் உடனே விலகிவிடுவதில்லை. இரட்டைப் பிள்ளைகளாக ஒட்டியபடியே இருக்கின்றன.

சிக்கல் இனிமேல்தான். இந்த 46 இரட்டைகளையும் பிரித்து, ஒவ்வொரு இரட்டையிலும் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் 46 வந்தால் மட்டும் போதாது. முதலாம் குரோமோசோம் இரண்டும் ஒரே பக்கம் போய், அதற்கு ஈடாக ஐந்தாம் குரோமோசோம் இரண்டும் எதிர்ப்பக்கம் போனாலும் கணக்கு 46 என்றுதான் வரும். ஆனால் இரண்டு செல்களும் கெட்டுவிடும்.

செல்லுக்குக் கண் கிடையாது, மூளை கிடையாது, எண்ணவும் தெரியாது. ஆனாலும் வேலை சுத்தமாக நடக்கிறது. ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டால், அதன் குரோமோசோம் ஒன்று வழிதவறிப் போவது ஏறக்குறைய ஒரு லட்சம் பிரிவுகளுக்கு ஒரு முறைதான். இது எப்படி முடிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களுக்கு சாலமாண்டர், கடல் முள்ளெலி, வெட்டுக்கிளி, கும்பிடு பூச்சி, கேளையாடு என்று ஒரு பெரிய கூட்டமே உதவி செய்திருக்கிறது.

சாயம் பூசிப் பார்த்தவர்

ஜெர்மனியின் கீல் நகரத்தில் வால்தர் ஃபிளெமிங் என்ற உடற்கூறு அறிஞர் இருந்தார். தவளைக்கு உறவான சாலமாண்டரின் குஞ்சுகளை அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அவற்றின் செல்கள் பெரியவை. உள்ளே இருக்கும் குரோமோசோம்களும் தடிமனானவை. அந்தக் காலத்தில் துணிகளுக்காகப் புதிதாகச் செய்யப்பட்ட செயற்கைச் சாயங்களைத் திசுக்களின்மேல் போட்டுப் பார்த்தார். மற்ற பகுதிகள் வெளிறிக் கிடக்க, உட்கருவுக்குள் சில இழைகள் மட்டும் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டன.

சாயம் பட்ட செல் இறந்துபோன செல். அதில் அசைவு இருக்காது. ஃபிளெமிங் நூற்றுக்கணக்கான செல்களைப் பார்த்தார், வரைந்தார், எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தினார். இழைகள் தடிக்கின்றன, நடுவில் வந்து நிற்கின்றன, நீளவாக்கில் இரண்டாகப் பிரிகின்றன, எதிரெதிர்த் திசையில் விலகிப் போகின்றன. 1882-இல் இவற்றை ஒரு புத்தகமாக வெளியிட்டார். இப்படிச் செல் பிரிவதற்கு மைட்டாசிஸ் என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். குரோமோசோம் என்ற பெயர் 1888-இல் வில்ஹெல்ம் வால்டையர் என்பவர் வைத்தது.

கடல் முள்ளெலி சொன்ன சேதி

இவ்வளவு கவனமாகப் பங்கு போடுவது எதற்கு? தோராயமாகப் பிரித்தால் ஆகாதா? இதைச் சோதித்தவர் தியோடர் பொவேரி. கடலடியில் உடம்பெல்லாம் முள்ளாகக் கிடக்கும் கடல் முள்ளெலியின் முட்டைகள் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். கடல் தண்ணீரிலேயே கருவாகி வளரும். சாதாரணமாக ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுதான் நுழையும். பொவேரி இரண்டு விந்தணுக்கள் நுழையும்படி செய்தார்.

அந்த முட்டையில் குரோமோசோம்களை இழுக்கும் முனைகள் இரண்டுக்குப் பதில் நான்கு ஆகிவிட்டன. குரோமோசோம்கள் நான்கு திசையிலும் தாறுமாறாக இழுபட்டன. அப்படிப் பிறந்த நான்கு செல்களில் ஒன்றுக்கு ஒரு குறை, இன்னொன்றுக்கு வேறொரு குறை. பெரும்பாலான கருக்கள் கோணல்மாணலாக வளர்ந்து இறந்தன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது, ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப முடியாது என்று 1902-இல் பொவேரி எழுதினார்.

தேயிலை டப்பாவும் துப்பாக்கியின் அடித்தாங்கியும்

குரோமோசோம்களை இழுப்பது எது? ஃபிளெமிங் காலத்திலேயே சிலர் செல்லின் இரு முனைகளிலிருந்து மெல்லிய இழைகள் வருவதைப் பார்த்திருந்தார்கள். கதிர்கோல் இழைகள் என்று உங்கள் பாடப்புத்தகத்தில் வருமே, அவைதான். ஆனால் உயிருள்ள செல்லில் அவை கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால், "இது மருந்தில் ஊறியதால் உண்டான கோடு, நிஜத்தில் இழையே கிடையாது" என்று வேறு சில அறிஞர்கள் சாதித்தார்கள். இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது.

தீர்த்து வைத்தவர் ஷின்யா இனோவே என்ற ஜப்பானியர். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். ஜப்பானில் நல்ல கருவிகள் கிடைப்பது குதிரைக் கொம்பு. மிசாகி கடல் ஆய்வு நிலையத்தில் தம் ஆசிரியர் கட்சுமா டானுடன் வேலை செய்த இனோவே, தாமே ஒரு நுண்ணோக்கியைக் கட்டினார். தூக்கி எறியப்பட்ட இயந்திரத் துப்பாக்கியின் அடித்தாங்கி அதற்குப் பீடமானது. விளக்கை மூடுவதற்கு ஒரு தேயிலை டப்பா!

அந்த நுண்ணோக்கி ஒரே திசையில் அதிரும் ஒளியைப் பயன்படுத்தியது. அப்படிப்பட்ட ஒளி, ஒரே சீராக அடுக்கப்பட்ட மூலக்கூறுகளின் வழியாகப் போகும்போது மாறுகிறது. அதனால் இருட்டான பின்னணியில் அந்த இடம் மட்டும் ஒளிரும். சாயம் வேண்டாம், செல்லைக் கொல்லவும் வேண்டாம். பிறகு அமெரிக்காவுக்குப் போன இனோவே, இன்னும் நல்ல நுண்ணோக்கிகளைச் செய்து, கடல் புழுவின் முட்டையிலும் லில்லிப் பூவின் மகரந்தத்தை உண்டாக்கும் செல்களிலும், அவை உயிரோடு இருக்கும்போதே, இழைகளைக் காட்டினார். அந்த ஆய்வு 1953-இல் வெளியானது. சண்டை முடிந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. முட்டையைக் குளிர வைத்தார், இழைகள் மறைந்தன. வெதுவெதுப்பாக்கினார்; சில நிமிடங்களில் திரும்பி வந்தன. அப்படியானால் இவை நிரந்தரமாகக் கட்டி வைத்தவை அல்ல. சிறு துணுக்குகள் சேர்ந்து இழையாகின்றன. பிரிந்து மறுபடி துணுக்காகின்றன.

செங்காந்தளில் இருக்கும் நஞ்சு

அந்தத் துணுக்கு எது என்று கண்டுபிடிக்க உதவியது ஒரு நஞ்சு. அது நம் ஊர்ச் செடியிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டின் மாநில மலர் எது? செங்காந்தள். கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள். பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆகச் சிவந்துபோகும். இதை வயலில் பயிரிடும் விவசாயிகளைக் கேட்டால் கண்வலிக் கிழங்கு என்பார்கள். அவர்களுக்குப் பூவைவிட விதைதான் முக்கியம். விதையில் கோல்சிசின் என்ற மருந்துப்பொருள் இருக்கிறது. கோல்சிசினை முதலில் 1820-இல் ஓர் ஐரோப்பியச் செடியிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். மிகக் குறைந்த அளவில் அது கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்து. அளவு கூடினால் உயிரைப் பறிக்கும். ஆகவே செங்காந்தளைக் கண்ணால் பார்த்து ரசியுங்கள். கிழங்கையோ விதையையோ வாயில் வைத்துவிடாதீர்கள்.

கோல்சிசின் பட்ட செல்லில் கதிர்கோல் இழைகள் கலைந்துபோகும். குரோமோசோம்கள் தடித்துத் தயாராக நிற்கும், ஆனால் இழுக்க ஆள் இல்லை. செல் அப்படியே நின்றுவிடும். இது எண்ணுகிறவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஸ்வீடனில் உள்ள லுண்ட் நகரத்தில் 1955 டிசம்பரில் ஜோ ஹின் சியோ என்ற அறிஞர் கோல்சிசினால் நிறுத்திய மனிதச் செல்களை, உப்புக் குறைந்த கரைசலில் ஊறவைத்து உப்ப வைத்து, மெல்ல நசுக்கி எண்ணினார். 46 வந்தது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் புத்தகங்களில் இருந்த எண் என்ன தெரியுமா? 48! ஜாவாவில் பிறந்த சியோவும், அவரோடு வேலை செய்த ஆல்பர்ட் லெவானும் 1956-இல் சரியான எண்ணை வெளியிட்டார்கள்.

பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வின் டெய்லரும் அவருடைய மாணவர் கேரி போரிசியும் வேறு வழியில் யோசித்தார்கள். கோல்சிசின் இழைகளைக் கலைக்கிறது என்றால், அது இழையின் துணுக்கோடுதானே ஒட்ட வேண்டும்? கதிரியக்கம் ஏற்றிய கோல்சிசினைச் செல்களுக்குள் அனுப்பி, அது எதைப் பிடித்துக்கொள்கிறது என்று துரத்திப் பார்த்தார்கள். 1967-இல் அந்தப் புரதம் சிக்கியது. இன்று அதற்கு டியூபுலின் என்று பெயர். டியூபுலின் துணுக்குகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து 25 நானோமீட்டர் தடிமன் உள்ள நுண்குழல் ஆகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் 40,000 குழல்களை அருகருகே அடுக்கலாம்.

தேடிப் பிடிக்கும் குழல்கள்

ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் கைனெட்டோகோர் என்ற பிடிமானம் உண்டு. இரட்டையில் ஆளுக்கு ஒன்று. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி இருக்கும். செல்லின் இரு முனைகளிலிருந்தும் நுண்குழல்கள் நீண்டு வந்து இந்தப் பிடிமானங்களைப் பற்ற வேண்டும்.

குழலுக்கு வழி தெரியுமா? தெரியாது. 1984-இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஒவ்வொரு குழலும் கொஞ்ச நேரம் வளர்கிறது, பிறகு திடீரென்று சடசடவெனச் சுருங்குகிறது, மறுபடி வளர்கிறது. எல்லாத் திசையிலும் இப்படித் துழாவும் குழல்களில் ஏதோ ஒன்று தற்செயலாகக் கைனெட்டோகோரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். தொடாதது சுருங்கித் திரும்பிவிடும். மனிதச் செல்லில் ஒரு கைனெட்டோகோரை இப்படிப் பல குழல்கள் பிடிக்கின்றன. ஈஸ்ட்டில் ஒன்றே ஒன்றுதான்.

துழாவிப் பிடித்தால் தவறும் நேரும் அல்லவா? இரட்டைகள் இரண்டையும் ஒரே முனையின் குழல்கள் பிடித்துவிடலாம். அப்படியே விட்டால் இரண்டும் ஒரே பக்கம் போய்விடும். இந்தத் தவறு அபூர்வமும் அல்ல; பிரிவின் தொடக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. கண்ணில்லாத செல் இதை எப்படிக் கண்டுகொள்கிறது?

பள்ளி விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். இரண்டு அணியும் எதிரெதிரே நின்று இழுத்தால் கயிறு விறைப்பாக நிற்கும். இரண்டு அணியும் ஒரே பக்கம் போய் நின்றுகொண்டு இழுத்தால்? கயிறு தொளதொளவென்று அவர்கள் பின்னாலேயே போகும். கண்ணை மூடிக்கொண்டு நடுக்கயிற்றைத் தொட்டாலே போதும், அணிகள் சரியாக நிற்கின்றனவா இல்லையா என்று சொல்லிவிடலாம். செல்லும் விறைப்பைத்தான் பார்க்கிறதோ?

வெட்டுக்கிளியும் கண்ணாடி ஊசியும்

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நிக்லஸ் இதைச் சோதித்தார். அவர் தேர்ந்தெடுத்தது வெட்டுக்கிளி. விந்தணுவை உண்டாக்கும் அதன் செல்களில் குரோமோசோம்கள் பெரிதாக, தெளிவாகத் தெரியும். அந்தச் செல் பிரிவில், தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்ததும் ஜோடி சேர்ந்து நின்று, பிறகு எதிரெதிர்ப் பக்கம் பிரியும். நிக்லஸ் மிகமிக மெல்லிய கண்ணாடி ஊசியைச் செல்லுக்குள் விட்டு, உயிருள்ள செல்லில் குரோமோசோமைத் தொட்டு நகர்த்தினார்!

முதலில், ஒரு ஜோடியை அதன் பிடியிலிருந்து விடுவித்து, இரண்டும் ஒரே முனையோடு ஒட்டும்படி திருப்பி வைத்தார். வேண்டுமென்றே செய்த தவறு. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி தானாகக் கழன்றது. குரோமோசோம் திரும்பி, சரியாக ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை அதே தவறைச் செய்துவிட்டு, எதிர்ப்பக்கமாக ஊசியால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டார். இப்போது விறைப்பு வந்துவிட்டது. என்ன ஆயிற்று? தவறான பிடி கழலவே இல்லை. ஊசி இழுக்கும் வரை செல் அந்தத் தவற்றைச் சரியென்றே வைத்துக்கொண்டது. 1969-இல் வெளிவந்த இந்தச் சோதனை ஒரு பெரிய உண்மையைச் சொன்னது: செல்லுக்குச் சரி, தவறு தெரியாது. விறைப்பு, தொய்வு என்ற இரண்டுதான் தெரியும்.

தொய்ந்த பிடியைக் கழற்றிவிடுவது அரோரா பி என்ற புரதம் என்பது பிறகு தெரியவந்தது. அது இரட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. குழல்கள் இரண்டு பக்கமும் இழுத்தால் கைனெட்டோகோர்கள் அதைவிட்டு விலகிப் போகும், பிடி நிலைக்கும். இழுப்பு இல்லையென்றால் அவை அரோரா பி-க்குப் பக்கத்திலேயே இருக்கும். பிடி தளர்ந்துவிடும், குழல்கள் மறுபடி முதலிலிருந்து துழாவும்.

நிக்லஸ் அந்த இழுவிசையையும் அளந்தார். பிரிந்து போய்க்கொண்டிருக்கும் ஒரு குரோமோசோமை ஊசியால் தடுத்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டும்? 1983-இல் அவர் சொன்ன விடை, சுமார் 700 பிக்கோநியூட்டன். ஒரு நியூட்டனை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் 700 பங்கு. நமக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் குரோமோசோமை நகர்த்தத் தேவைப்படும் விசையோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

ஒன்றுக்காக மற்ற எல்லாம் காத்திருக்கும்

தவற்றைத் திருத்த நேரம் வேண்டும். 45 இரட்டைகள் தயாராகிவிட்டன, ஒன்று மட்டும் இன்னும் தடுமாறுகிறது என்றால் செல் என்ன செய்கிறது? காத்திருக்கிறது.

கும்பிடு பூச்சியைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். முன்கால்களைக் கூப்பிக்கொண்டு அசையாமல் இரை வரும்வரை நிற்கும். சில வகைக் கும்பிடு பூச்சிகளில் ஆணுக்குப் பால் குரோமோசோம்கள் மூன்று. அவை மூன்றும் சேர்ந்தே நிற்க வேண்டும். சில சமயம் அதில் ஒன்று தனித்துப் போய் ஒரே பக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒன்றுக்காகச் செல் மணிக்கணக்கில் பிரியாமல் நிற்கும். நிக்லஸும் லி என்ற ஆய்வாளரும் அந்தத் தனிக் குரோமோசோமைக் கண்ணாடி ஊசியால் இழுத்து விறைப்பாக்கினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செல் பிரியத் தொடங்கிவிட்டது! 1995-இல் வந்த முடிவு இது.

அதே ஆண்டு கான்லி ரீடர் குழுவினர் வேறொரு சோதனை செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் பொட்டாரூ என்ற சிறு கங்காரு வகை விலங்கு உண்டு. அதன் சிறுநீரகத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் செல்கள் தட்டையாகப் பரவி இருக்கும், குரோமோசோம்களும் சிலவே. எந்தக் குழலும் இன்னும் பிடிக்காத கடைசிக் கைனெட்டோகோரை அவர்கள் லேசர் ஒளியால் அழித்தார்கள். குரோமோசோம் இன்னும் சரியாக ஒட்டவே இல்லை; ஆனாலும் செல் காத்திருப்பதை விட்டுவிட்டுப் பிரியத் தொடங்கியது. "பொறு, நான் இன்னும் தயாரில்லை" என்ற செய்தி, பிடிபடாத அந்தக் கைனெட்டோகோரிலிருந்துதான் புறப்படுகிறது என்பது இதனால் உறுதியானது. ஒரே ஒரு கைனெட்டோகோர் போதும், முழுச் செல்லையும் நிறுத்தி வைக்க.

அந்தச் செய்தியைச் சுமந்து செல்லும் புரதங்களின் ஜீன்களை அதற்கு முன்பே, 1991-இல் ஈஸ்ட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். ரோங் லியும் ஆண்ட்ரூ மரேயும் ஒரு குழு. ஆண்ட்ரூ ஹோய்ட் தலைமையில் இன்னொரு குழு. நுண்குழல்களைக் கலைக்கும் மருந்தை ஈஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். நல்ல ஈஸ்ட் பொறுத்திருந்து பிழைத்தது. சில ஈஸ்ட்டுகள் மட்டும் பொறுக்காமல் பிரிந்து செத்தன. அந்தப் பொறுமையற்ற ஈஸ்ட்டில் எந்த ஜீன் பழுது என்று தேடியபோது, பொறுமையைத் தரும் ஜீன்கள் அகப்பட்டன. அவை நம் உடம்பிலும் இருக்கின்றன.

கடைசி இரட்டையும் சரியாக ஒட்டியதும் "பொறு" என்ற செய்தி நின்றுபோகும். இரட்டைகளைச் சேர்த்து வைத்திருப்பது கோஹெசின் என்ற வளைய வடிவப் புரதம். அதை அறுக்கும் செப்பரேஸ் என்ற இன்னொரு புரதம் அதுவரை கட்டிப்போடப்பட்டிருக்கும். இப்போது அதற்கு விடுதலை. வியன்னாவில் கிம் நாஸ்மித்தின் ஆய்வகம் 1999-இல் ஈஸ்ட்டில் இதைக் காட்டியது. கோஹெசின் அறுந்ததும் இரட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விலகுகின்றன. இதற்குப் பிறகு திருத்த வழியில்லை; அதனால்தான் அதற்கு முன்னால் அத்தனை பொறுமை.

குரைக்கும் மான் தந்த செல்

இன்று ஆராய்ச்சியாளர்களுக்கு ஊசியோடு வேறு வசதிகளும் உண்டு. ஜெல்லிமீன் ஒன்றில் பச்சையாக ஒளிரும் புரதம் இருக்கிறது. அதன் ஜீனை எடுத்து, பார்க்க விரும்பும் புரதத்தின் ஜீனோடு இணைத்துவிட்டால் அந்தப் புரதம் செல்லுக்குள் பச்சையாக மின்னும். குரோமோசோம் நகர்வதை முழுநீளப் படமாகவே எடுக்கலாம். இந்தப் புரதத்துக்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியென் ஆகிய மூவருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

படம் எடுக்க வசதியான செல் எது? இங்கே வருகிறது கேளையாடு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சின்ன மான் இது. ஆபத்தைக் கண்டால் நாய் குரைப்பதுபோல் கத்தும். 1970-இல் அதன் குரோமோசோம்களை எண்ணியவர்கள் அசந்துபோனார்கள். பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7! பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை இதுதான். அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கோ நம்மைப்போல 46. ஆறே குரோமோசோம்கள் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடரலாம்; கைனெட்டோகோர்களும் பெரியவை.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில் ஹெல்டர் மையாட்டோவின் குழு இந்தச் செல்களை ஆராய்ந்தது. பெரிய கைனெட்டோகோர் உள்ள குரோமோசோம், இரு பக்கப் பிடியைச் சுலபமாகப் பெறுகிறது. ஆனால் ஒருவகைத் தவறும் அதற்கே அதிகம் நேர்கிறது என்று 2018-இல் காட்டினார்கள். அது என்ன தவறு? ஒரே கைனெட்டோகோரை இரண்டு முனைகளின் குழல்களும் பிடித்துக்கொள்வது. இதில் விறைப்பு இருக்கிறது. பிடிபடாத கைனெட்டோகோர் என்று எதுவும் இல்லை. அதனால் செல்லின் சோதனையை இந்தத் தவறு ஏமாற்றிவிடும். செல் காத்திருக்காமல் பிரியும்; இரண்டு பக்கமும் இழுபடும் அந்தக் குரோமோசோம் நடுவழியில் பின்தங்கி நிற்கும்.

தவறினால் என்ன ஆகும்?

விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது ஒரு குரோமோசோம் கூடுதலாகப் போனால், பிறக்கும் குழந்தையின் எல்லாச் செல்களிலும் அது கூடுதலாக இருக்கும். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் அதை டவுன் நோய்க்குறி என்கிறோம். பாரிஸில் வேலை செய்த மருத்துவர்கள் 1959-இல் இந்தக் காரணத்தைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இது யாருடைய தவறும் அல்ல, தொற்றுவதும் அல்ல. அப்படிப் பிறந்தவர்கள் நம்மோடு படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள்.

புற்றுநோய்ச் செல்கள் பலவற்றில் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறாக இருக்கும். கடல் முள்ளெலியை ஆராய்ந்த பொவேரி இந்தத் தொடர்பை 1914-லேயே ஊகித்து எழுதினார். ஓயாமல் பிரியும் புற்றுநோய்ச் செல்லைத் தடுக்க, அதன் நுண்குழல்களைத் தாக்கும் மருந்துகள் இருக்கின்றன. வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிறிஸ்டின் அப்படிப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்த அதைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

நீங்களும் பார்க்கலாம்

உங்கள் பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால், உயிரியல் ஆசிரியரின் துணையோடு இதைச் செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். சில நாட்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். காலை வேளையில் வேரின் நுனியை இரண்டு மில்லிமீட்டர் அளவு வெட்டி எடுங்கள். அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றும் வேலையை ஆசிரியர் செய்யட்டும். பிறகு கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய மூடுதகடு போட்டு, கட்டைவிரலால் மெதுவாக நசுக்கிப் பாருங்கள். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். நசுங்கிய செல் நன்றாகப் பரவியிருந்தால் எண்ணக்கூட முடியும்.

எண்ண வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. பிரிந்துகொண்டிருக்கும் செல்களை மட்டும் பொறுக்கி, குரோமோசோம்கள் தடித்துக்கொண்டிருப்பவை எத்தனை, நடுவில் அணிவகுத்தவை எத்தனை, விலகிப் போய்க்கொண்டிருப்பவை எத்தனை என்று நோட்டில் மூன்று பத்தி போட்டுக் குறியுங்கள். ஒரு கட்டத்தில் செல் எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அந்தக் கட்டத்தில் அவ்வளவு செல்கள் உங்கள் கண்ணில் படும். தயாராகிக்கொண்டிருக்கும் செல்கள் நிறையக் கிடைக்கும். விலகிக்கொண்டிருக்கும் செல் ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் கண் வலித்துவிடும். உயிரற்ற, அசையாத செல்களை எண்ணியே, அவை உயிரோடு இருந்தபோது எதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டன, எதைச் சட்டென்று முடித்தன என்று உங்களால் கணக்கிட முடியும். வகுப்பில் நான்கைந்து பேர் தனித்தனியாக எண்ணி, எல்லாருடைய எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள். கணக்கு இன்னும் துல்லியமாக வரும்.